புலி ஸ்டாக் இல்லை

பிப்ரவரி 18

அன்புள்ள கடுகுக்கு,

புலியைப் பார்க்கவில்லை. மூன்று நாள் தங்கி, காலையும் மாலையுமாகக் காட்டுக்குள் போய், ஒரு புலியின் வாலைக்கூடப் பார்க்காமல் உன் அண்ணனும் அண்ணியும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம். என் இடுப்பு மட்டும் இன்னும் உங்கள் ஜீப்பிலேயே இருப்பது போல் தோன்றுகிறது. மற்றபடி சுகம். உன் இருமல் விட்டதா? மாப்பிள்ளை சுகமா?

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. விடியும் முன்பே எழுப்பி, ஆளுக்கொரு போர்வையைப் போர்த்தி, கையில் சூடான டம்ளரைத் திணித்து ஏற்றிவிட்டாய். அது மறக்காது. குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் போர்வையை வாடகைக்கு விடலாம் என்று உனக்கு யார் சொன்னது? நான் சொல்லியிருந்தால் எனக்குப் பெருமை. நீயே கண்டுபிடித்திருந்தால் இன்னும் பெருமை.

மான் பார்த்தோம், மயில் பார்த்தோம். காட்டெருமை ஒன்று, கடை வாசலில் லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகும் டிரைவர் மாதிரி, பாதையை மறித்துக்கொண்டு நின்றது. உன் அண்ணிக்கு அதுவே போதும். எனக்குப் போதவில்லை. குழாய்க்கடைக்காரன் நான், பெட்டியைப் பிரித்தால் உள்ளே குழாய் இருக்க வேண்டும். வெறும் வைக்கோலாக இருந்தால் எப்படி?

கடையைத் திறந்ததும் எதிர்க்கடைப் பெயிண்ட்காரர் வந்துவிட்டார். "என்ன முதலாளி, புலி கண்ணுல பட்டுச்சா?" என்றார். "பட்டுச்சாவா? இவ்ளோ பெரிசு!" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "போட்டோ எங்க?" என்றார். "உள்ள போனை விடமாட்டாங்க" என்றேன். "அதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த "அதானே" எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது தெருவே என்னைப் புலி முதலாளி என்கிறது.

உன் வீட்டுக்குப் பின்னால் எழும்பும் நாலு அறைகளையும் பார்த்தேன். சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. காடு பார்க்க வருகிறவர்கள் தங்க இடமில்லாமல் அலைவதையும் பார்த்தேன். நல்ல யோசனை. தொட்டி, பைப், குழாய் எல்லாம் என் பொறுப்பு என்று சொன்னேன் அல்லவா, சொன்னது சொன்னதுதான். அடுத்த மாத லாரியில் ஏற்றிவிடுகிறேன்.

மாப்பிள்ளை என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? அவருக்குப் 'பூட்டு' என்று நான் பெயர் வைத்தது தப்பே இல்லை. ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. சும்மாதான் கேட்டேன். உங்கள் காட்டு வாசலுக்குப் போன் கோபுரம் வரும்வரை தபால்காரரே துணை. பதில் போடு.

அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. இரண்டு பேரும் சுகம். உங்கள் இடுப்பை ஜீப்பில் தேடிப் பார்த்தேன், அண்ணியின் கண்ணாடிக் கூடுதான் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போர்வை யோசனை என்னுடையதுதான். பெருமை முழுவதும் எனக்கே. பங்கு கிடையாது.

புலி வராததற்கு நீங்கள் ஏன் இப்படி மாய்ந்துபோகிறீர்கள்? போன வாரம் ஒருவர் பத்து நாள் தங்கிப் பார்க்காமலே போனார். போகும்போது போர்வையை மடித்துக் கொடுத்து, "அடுத்த வருஷமும் இதே போர்வை வேணும்" என்றார். அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

உங்கள் மாப்பிள்ளை உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லவில்லை என்றால் நல்லபடியாக நினைக்கிறார் என்று அர்த்தம். கெட்டபடியாக நினைத்தாலும் எதுவும் சொல்லமாட்டார், அது வேறு. ஆனால் நானும் இத்தனை வருடம் குடித்தனம் நடத்துகிறேன். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டால் நிம்மதி, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டால் ஏதோ இருக்கிறது. நீங்கள் போன பிறகு தட்டைத்தான் பார்க்கிறார்.

அறைகளுக்குக் கூரை போட்டாயிற்று. இனி சுவரைக் கொத்திப் பைப் பதிக்க வேண்டும், அதற்கு மேல்தான் பூச்சு. கொத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் லாரி வரும் வழியைப் பார்க்கிறார். மழைக்குள் பூசி முடித்தால்தான், மழை முடிந்து காட்டு வாசல் திறக்கும்போது அறைகளும் திறக்கும். இரண்டு குடும்பம் இப்போதே சொல்லி வைத்துவிட்டது. தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு.

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல்லவும்.

கடுகு


மார்ச் 14

அன்புள்ள கடுகுக்கு,

சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் தேவலை. கண்ணாடிக் கூட்டுக்காக அவள் என்னைத் திட்டித் தீர்த்தாள், அது கிடைத்ததில் எனக்குத்தான் அதிக நிம்மதி.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வியாபாரம் பார்க்க முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை. பெரிய பாறையிடம் பாதை இரண்டாகப் பிரிகிறதே, அங்கே. மரத்து உச்சியில் குரங்கு ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி, எட்டி மண்ணைப் பார்த்தார். நானும் எட்டினேன். இடப்பக்கப் பாதையில் தடம், என் உள்ளங்கை அகலம், ஓரம்கூட உதிராத புதுத் தடம்.

"இந்தப் பக்கமா மாப்பிள்ளை?" என்றேன்.

"இல்ல மச்சான். அங்க ஒண்ணும் இருக்காது" என்று வண்டியை வலப்பக்கம் திருப்பிவிட்டார்.

எனக்கு மண்ணைப் படிக்கத் தெரியாது. முகத்தைப் படிக்கத் தெரியும். சைக்கிளில் குழாய் கட்டி விற்ற காலத்திலிருந்து நானே போட்டுப் பழகிய முகம் அது. சரக்கு உள்ளே இருக்கும். வேறு யாருக்காவது ஒதுக்கியிருப்போம், இல்லாவிட்டால் வந்து நிற்கிறவனுக்குக் கொடுக்க மனசிருக்காது. "இல்லையே" என்போம். குரல் மாறாது. கண் மட்டும் ஒரு தடவை கோடவுன் பக்கம் போய்த் திரும்பும். மாப்பிள்ளையின் கண் இடப்பக்கம் போய்த் திரும்பியது.

யாருக்கு ஒதுக்கி வைத்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கொடுக்க மனசில்லையா என்று மட்டும் கேட்டு எழுது. நான் ஏதாவது செய்து அவருக்குக் கோபமா என்றும் கேள். செய்தேன் என்று சொல்லவில்லை. கேள், அவ்வளவுதான்.

நிற்க. நீ கேட்ட அளவுத் தொட்டி இப்போது ஸ்டாக் இல்லை. பைப்பும் அப்படியே. வந்ததும் அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்கள் மத்தியானமாவது கொஞ்சம் படுக்கிறீர்களா?

நீங்கள் சொன்னபடி கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில்தான் அவர் ஓர் இடத்தில் உட்காருவார், அதனால் அப்போது கேட்டேன்.

"அண்ணன் வந்தப்ப பாறைகிட்ட ஏன் வலப்பக்கம் திருப்புனீங்க?"

"ரோடு சரியில்ல."

"வருஷம் பூரா அந்த ரோட்டுலதானே ஓட்டுறீங்க?"

"இப்ப சரியில்ல."

"அண்ணன் மேல ஏதாவது கோபமா?"

"எதுக்குக் கோபம்? இன்னும் கொஞ்சம் சோறு வை."

சோறு வைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஆகவே ஏதோ இருக்கிறது. ஆனால் அது உங்களைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. இடப்பக்கப் பாதை செம்மண். முன்பெல்லாம் ஜீப்பைக் கழுவினால் வாசலெல்லாம் சிவந்துவிடும். இப்போது கழுவுகிற தண்ணீர் சாம்பல் நிறத்தில்தான் போகிறது. உங்களை மட்டுமல்ல, யாரையுமே அவர் அந்தப் பக்கம் கூட்டிப்போவதில்லை. ஏன் என்று கேட்டால் அந்த ரோடு கதைதான் வருகிறது.

தொட்டி எப்போது வரும்? கொத்தனார் தினமும், "பைப் வந்துச்சாம்மா? இல்ல பூசிடட்டா?" என்கிறார். பூசிவிட்டு அப்புறம் உடைக்கவா? ஒருநாள் பொழுது போகாமல் என் போர்வை அலமாரிக்குப் பூசிவிட்டுப் போய்விட்டார். சீக்கிரம் அனுப்புங்கள். அண்ணிக்கு என் அன்பு.

கடுகு


ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் வந்தது. இங்கே அனைவரும் நலம். அங்கேயும் நலமாக இருப்பீர்கள்.

தொட்டி கம்பெனியிலிருந்து வரவில்லை. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கொத்தனாரை வேறு வேலைக்குப் போகச் சொல். மாப்பிள்ளைக்குக் கோபம் இல்லை என்றால் சந்தோஷம்.

அண்ணன்

(அண்ணி எழுதுவது: கடுகு, இவர் உறையை ஒட்டத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் இரண்டு வரி. கண்ணாடிக் கூட்டை யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு. நீ இங்கே வந்தால் எங்கே படுக்க வைப்பேன் என்றே தெரியவில்லை. கோடவுனில் கால் வைக்க இடமில்லாமல் தொட்டிமேல் தொட்டியாக அடுக்கி, மிச்சம் மூன்று மொட்டைமாடிக்கே வந்துவிட்டது. துணி காயப்போட இடமில்லை. உனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனால் எனக்குப் பெரிய உபகாரம்.)


மே 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கோடவுனும் நல்ல புஷ்டியாக இருப்பதாக அறிந்தேன்.

முகத்தைப் படிப்பது உங்களுக்கு மட்டும்தான் வருமா? கடிதத்திலும் முகம் தெரியும். "அன்புள்ள தங்கைக்கு" என்று ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. நான் பிறந்ததிலிருந்து உங்களுக்குக் கடுகு. தங்கை என்று எப்போது கூப்பிட்டீர்கள்? பள்ளிக்கூட நாளில் உங்கள் சைக்கிளை எடுத்துப்போய்ப் பள்ளத்தில் விட்டேனே, அன்றைக்கு ஒரு தடவை.

இப்போது சொல்லுங்கள். சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை என்பது யார்? எங்கள் வீட்டுப் பூட்டாவது வாயைத்தான் பூட்டியிருக்கிறது. நீங்கள் கோடவுனையே பூட்டிவிட்டீர்கள்.

அவருக்கும் உங்களுக்கும் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் ரோடு சரியில்லை என்கிறீர்கள், ஒருவர் கம்பெனி சரியில்லை என்கிறீர்கள். நடுவில் என் நாலு அறையும் தண்ணீர் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன.

வேறு கடையில் வாங்கிவிடலாம். மாட்டேன். அண்ணன் குழாய்க்கடை வைத்திருக்கும்போது தங்கை வெளியே வாங்கினால் கேட்கிறவர்கள் என்னைக் கேட்கமாட்டார்கள், உங்களைத்தான் கேட்பார்கள். உங்களை ஒருவர் கேட்பது எனக்குப் பொறுக்காது. அதற்காகவாவது அனுப்புங்கள். அல்லது என்ன கோபம் என்றாவது எழுதுங்கள். இரண்டில் ஒன்று.

கண்ணாடிக் கூட்டை இதனோடு அனுப்பியிருக்கிறேன். அண்ணியைத் திட்டாதீர்கள், அவர் எனக்கு எதுவும் சொல்லவில்லை.

கடுகு


ஜூன் 9

அன்பான கடுகுக்கு அண்ணி எழுதுவது.

கண்ணாடிக் கூடு வந்தது. இல்லாவிட்டால் இந்தக் கடிதமே எழுதியிருக்க முடியாது. உடம்பு எப்படி? உன் கடிதம் வந்து ஒரு மாதமாகியும் இவர் பதில் போடவில்லை என்று எனக்குத் தெரியும். படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் அந்த மூன்று தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். தினமும் அதுதான் நடக்கிறது. தட்டுகிறார், வருகிறார். லாரி வந்தால், "இன்னைக்கு வேணாம்" என்கிறார்.

நேற்றுப் பிடித்துக்கொண்டேன். "தொட்டி என்ன தப்பு பண்ணுச்சு, இப்படிப் போட்டு அடிக்கிறீங்க?" என்றேன். கக்கிவிட்டார்.

அங்கே வந்தபோது இரண்டாம் நாள் சாயங்காலம், ஜீப்பிலிருந்து இறங்கும்போது, இவர் உன் வீட்டுக்காரர் சட்டைப் பாக்கெட்டில் ஒரு பெரிய நோட்டை மடித்துச் சொருகியிருக்கிறார். நாளைக்குக் கொஞ்சம் நல்ல பக்கமாக ஓட்டட்டும் என்று! சொந்த மாப்பிள்ளைக்கு, டிரைவருக்குக் கொடுக்கிற மாதிரி! சரக்கு வெளியே வராவிட்டால் கொஞ்சம் கையைக் கவனிக்க வேண்டும், இதுதானே இவருக்குத் தெரிந்த வித்தை. மறுநாள் காலையில் அவர் வண்டியை வேறு பக்கம் திருப்பினதும் இவருக்கு உறைத்துவிட்டது. பணத்தைக் கொடுத்து அவமானப்படுத்திவிட்டோம், அதற்குத்தான் புலியைக் காட்டாமல் போனார் என்று.

"தப்புன்னு தெரியுதுல்ல, எழுதி மன்னிப்புக் கேளுங்க" என்றேன்.

"அவரு முதல்ல ஏதாவது சொல்லட்டும். திட்டட்டும். அப்புறம் கேக்குறேன். ஒண்ணுமே சொல்லாதவர்கிட்ட எதுக்குன்னு கேக்குறது?" என்கிறார்.

இப்படி ஒரு ஆள். வெட்கத்தில் இருக்கிறவர் தொட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன லாபம்? நான் சொன்னதாக உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதே. ஆனால் ஏதாவது செய். எனக்குத் துணி காய வேண்டும்.

மழைக்கு முன்னால் பூசாத சுவர்களை ஏதாவது போட்டு மூடி வை.

அண்ணி


ஜூலை 12

மச்சானுக்கு வணக்கம்.

நான் கடிதம் எழுதிப் பழகியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நாங்கள் நலம். உங்கள் நலமும் அக்காவின் நலமும் அறிய ஆவல். மழை வந்துவிட்டது. காட்டு வாசல் மூடியாகிவிட்டது. பூசாத சுவர்களைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன்.

இடப்பக்கம் புலி இருந்தது.

தாய்ப்புலி. குட்டி போட்டிருந்தது. நீங்கள் பார்த்தது ஒரு தடம். அதற்கு முன்னாலும் அதே பாதையில் போன தடமும் வந்த தடமும் நான் தினமும் பார்த்திருந்தேன். அப்படி ஒரே இடத்துக்குத் திரும்பினால் எதையோ அங்கே வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஓடைக்கரைப் பாறை இடுக்கில் குட்டிகள். நானும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்கப் போனால்தான் கெடும்.

ஒரு ஜீப் நின்றால் அடுத்த ஜீப் ஏன் என்று கேட்கும். வெயில் ஏறுவதற்குள் எல்லா ஜீப்பும் அங்கே நிற்கும். தாய் பயந்துபோய் ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு வேறு இடம் தேடும். அப்படித் தூக்கிப் போவதில் எல்லாக் குட்டியும் பிழைக்காது. ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மறுபடி பார்க்க இஷ்டமில்லை.

வனக் காவலருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உங்கள் தங்கைக்கும் சொல்லவில்லை. அவள் போர்வை கொடுக்கும்போது கதையும் சேர்த்துக் கொடுப்பாள்.

நோட்டைப் பற்றி அவள் கேட்டாள். யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். போர்வைகளை இறக்கும் அவசரத்தில் நீங்கள் சொருகியதை நான் கவனிக்கவில்லை. அந்த நோட்டை நீங்கள் ஊருக்குப் போன பிறகு, சட்டையைத் துவைக்கப் போடும்போதுதான் பார்த்தேன். பாறையிடம் வண்டியைத் திருப்பியபோது அது பாக்கெட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. பார்த்ததும் முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. மச்சான் புலிக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார் என்று. ஜீப் கண்ணாடிக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன். உங்களுடையது. வரும்போது வாங்கிக்கொள்ளவும்.

இன்று காட்டு வாசல் பலகையில் வனத்துறைக்காரர்களே எழுதிவிட்டார்கள். மூன்று குட்டி. தாயோடு நடக்கின்றன, இரையும் தின்கின்றன. இனிமேல் சொல்லலாம். அதனால் சொல்கிறேன். பலகையைப் பார்த்து வந்ததிலிருந்து உங்கள் தங்கை என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

அக்காவுக்கு முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

மாப்பிள்ளை


ஜூலை 25

அன்புள்ள கடுகுக்கு,

ஸ்டாக் வந்துவிட்டது.

லாரி இன்று கிளம்புகிறது. அறைக்கு ஒன்றாக நாலு தொட்டி, பைப், எல்போ, வால்வு, குழாய் எல்லாம் உன் பட்டியல்படி இருக்கிறது. நீ எழுத மறந்த ஷவரும் இருக்கிறது. காட்டிலிருந்து புழுதியோடு வருகிறவன் முதலில் கேட்பது அதைத்தான். தொட்டி ஐந்தாக இருக்கும். ஐந்தாவது மாப்பிள்ளை ஜீப் கழுவ. வாசல் மறுபடி சிவக்கட்டும். பைப் வேலைக்கு என் ஆள் ஒருவனையும் அனுப்பியிருக்கிறேன். தார்ப்பாய்க்கு உள்ளேயே வேலையை ஆரம்பித்துவிடுவான். அவனுக்குச் சாப்பாடு மட்டும் போடு, கதை போடாதே.

மாப்பிள்ளையின் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து படித்தேன். நான் எத்தனையோ தடவை சரக்கைப் பதுக்கியிருக்கிறேன், விலை ஏறட்டும் என்று. விற்கவே கூடாது என்று பதுக்கிய ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். முகத்தைச் சரியாகத்தான் படித்தேன். காரணத்தை என் கடையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். நோட்டு வைத்தது தப்பு. தொட்டியை நிறுத்தியது அதைவிடத் தப்பு. அவரிடம் இதை நீயே படித்துக் காட்டு. பேசாமல் இருக்கிறாயாமே? பேசு. எனக்கு நேராகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன் அண்ணி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டாள். மழை நனைத்துவிட்டது. அதற்கும் நான்தான் காரணமாம். முழங்காலுக்கு ஒத்தடம் ஆரம்பித்தாயிற்று. உன் உடம்பு எப்படி என்று எழுது.

அண்ணன்


செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். அண்ணி நடக்கிறார் என்று உங்கள் ஆள் சொல்லக் கேட்டுச் சந்தோஷம்.

தண்ணீர் வந்துவிட்டது! நாலு அறையிலும் வந்துவிட்டது. பூச்சு முடிந்து, வெள்ளையும் அடித்தாயிற்று. கொத்தனார் கடைசி நாள் கரண்டியைக் கழுவ நம் குழாயைத் திறந்தார். மூஞ்சியில் பீய்ச்சி அடித்துவிட்டது. "அம்மா, இது குழாயா, தீயணைப்பு வண்டியா?" என்றார். உங்கள் கடையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஆமாம், அதற்காகத்தான் பேச ஆரம்பித்தேன். முழுவதும் கேட்டார். எழுந்து போய் அறை அறையாக எல்லாக் குழாயையும் திறந்து மூடினார். திரும்பி வந்து, "நல்லாருக்கு" என்றார். "எது, குழாயா கடிதமா?" என்றேன். "ரெண்டும்" என்றார். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் மேடைப் பேச்சு.

எனக்கு மட்டும் ஆறவில்லை. "பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லாத ரகசியம் என்ன ரகசியம்?" என்றேன். "சொல்லியிருந்தா உனக்கும் ரெண்டு கண்ணும் இடப்பக்கமே போகும். பாவம், எதுக்கு உனக்கு அந்தக் கஷ்டம்?" என்கிறார். ஒரு வாரத்துக்கு அவர் டம்ளரில் சர்க்கரை கிடையாது, அவ்வளவுதான் முடிந்தது.

அடுத்த மாதம் வாசல் திறக்கிறது. மூன்று அறைக்கு ஆள் சொல்லி வைத்தாயிற்று. நாலாவதைப் பூட்டி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும், "காலி இல்லை" என்கிறேன். என் முகத்திலும் அது நன்றாகவே வருகிறது, குடும்ப வித்தை. இரண்டு பேரும் வாருங்கள். இடுப்புக்கு ஒரு தலையணை ஜீப்பில் போட்டிருக்கிறார். நானாகப் போடவில்லை, அவரே போட்டார்.

கடுகு


நவம்பர் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நல்லபடியாக வந்து சேர்ந்தோம். இந்தத் தடவை இடுப்பும் கூடவே வந்துவிட்டது, தலையணைக்கு நன்றி. உங்களுக்கும் கடுகுக்கும் உடம்பு எப்படி? குளிர் ஏறுகிறது, காதுக்கு ஏதாவது கட்டிக்கொண்டு ஓட்டுங்கள்.

உங்களுக்கு நேராக எழுதும் முதல் கடிதம் இது. வெட்கம் எல்லாம் ஜூலையோடு போய்விட்டது.

பாறையிடம் வண்டியை நிறுத்தி, "எந்தப் பக்கம் மச்சான்?" என்று கேட்டீர்கள். "இந்தக் காட்டுக்குக் கடைக்காரர் நீங்க, நீங்களே பாருங்க" என்று எப்படியோ சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் இடப்பக்கம் திருப்பி எஞ்சினை அணைத்ததும் உன் அண்ணி, மன்னிக்கவும், கடுகுக்கு எழுதிய பழக்கம், உங்கள் அக்கா என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

தாய்ப்புலி எங்களைப் பார்க்கக்கூட இல்லை. பெரிய கொள்முதல்காரர் சின்னக் கடைகளைத் தாண்டிப் போவாரே, கழுத்துத் திரும்பாமல், அப்படிப் போனது. பின்னால் இரண்டு குட்டிகளும் அதே நடை. மூன்றாவது மட்டும் நின்று, ஜீப் டயரை மோந்து பார்த்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கட்டுப்படியாகாது என்பது போல் நகர்ந்தது. அது நம்ம ஆள். நன்றாக வரும்.

பெயிண்ட்காரர் இன்று காலை வந்தார். "மறுபடியும் போனீங்களாமே முதலாளி? இந்தத் தடவை புலி?"

"இல்ல" என்றேன். "ஸ்டாக் இல்ல."

என் முகத்தைப் பார்த்தார். அவரும் கல்லாவில் உட்கார்கிறவர்தான். சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பார்க்காதபோது பார்த்தேன் என்று சொல்லத் தோன்றியது. பார்த்த பிறகு சொல்லத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் பாக்கெட்டில் அதே நோட்டு, பிப்ரவரியில் நான் மடித்த அதே மடிப்போடு. எப்போது வைத்தீர்கள்? எனக்கே தெரியாமல் என் பாக்கெட்டில் கைவைத்த முதல் ஆள் நீங்கள்தான். பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன், செலவழிக்கப் போவதில்லை.

வண்டி ஏறும்போது வாயால் பேசியதை, எழுத்தில் இருந்தால் நல்லது என்று இங்கே எழுதுகிறேன். பேசியபடி:

குழாய், தொட்டி, பைப் எது வேண்டுமானாலும் உங்களுக்கு அடக்க விலை. வருடத்துக்கு ஒரு தடவை நாலாவது அறையும், ஜீப்பில் இரண்டு இடமும் எங்களுக்கு. புலிக்கு உத்தரவாதம் இல்லை. நீங்கள் இல்லை என்றால் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். நான் இல்லை என்றால், நீங்கள் கடுகை அனுப்பிக் கோடவுனைத் திறந்து பார்க்கலாம். யார் பாக்கெட்டிலும் யாரும் எதுவும் வைப்பதில்லை. போர்வைக்கு மட்டும் வாடகை உண்டு, அண்ணன் என்றாலும் கடுகு குறைக்கமாட்டாளாம். அதற்கும் சரி.

மச்சான்